மிச்சமாகும் நேரம் யாருக்கு?

புதுச்சேரியின் வில்லியனூர் பக்கம் ஜி.எஸ்.டி. கணக்குப் போட்டுக் கொடுக்கும் அலுவலகங்களுக்கு மாதத்தின் முதல் பத்து நாள் தலைக்கு மேல் வேலை. 11-ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கை ஏற்ற வேண்டும். 20-ஆம் தேதிக்குள் வரியைக் கட்டி முடிக்க வேண்டும். உறுவையாறு, மங்கலம், அரியூர் என்று சுற்றுவட்டாரத்து லேத் பட்டறை, ஹார்டுவேர் கடை, அரிசி மண்டி எல்லாவற்றின் பில்களும் மஞ்சள் பையில் வந்து குவியும். சில பில்களில் கிரீஸ் கறை இருக்கும். சிலவற்றில் எழுத்து மங்கியிருக்கும். சில கையால் கிறுக்கியவை. பி.காம். முடித்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கண்ணருகே வைத்துப் பார்த்து டேலியில் என்ட்ரி போடுவார்கள்.

இப்போது அதே பில்லை போனில் படமெடுத்தால் போதும். பில் எண், தேதி, தொகை, வரி எல்லாவற்றையும் தானே பிரித்து அந்தந்தக் கட்டத்தில் நிரப்பிவிடும் மென்பொருள்கள் சந்தைக்கு வந்துவிட்டன. செயற்கை நுண்ணறிவு (ஏ.ஐ.), நிறுவனங்களையும் தொழிலாளர்களையும் என்ன செய்யும் என்ற கேள்விக்குப் பதில் தேடி பெங்களூருக்கோ கலிபோர்னியாவுக்கோ போக வேண்டியதில்லை. இந்த மேசையை நிதானமாகப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

34-உம் 33-உம்

ஜி.எஸ்.டி. பதிவெண்ணில் 15 இடங்கள் உண்டு. முதல் இரண்டு எண்கள் மாநிலத்தைக் காட்டும். புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் தூரம் சில கிலோமீட்டர்தான். பாகூரிலிருந்து பைக்கை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் கடலூர். எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இங்கே பிறந்தவர்களுக்கே சில இடங்களில் சந்தேகம் வரும்.

உறுவையாற்றுப் பட்டறைக்காரர் கடலூரில் இரும்புக் கம்பி வாங்குகிறார் என்று வையுங்கள். சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் வருவதால் ஒருங்கிணைந்த வரியில், அதாவது ஐ.ஜி.எஸ்.டி.யில், பில் வர வேண்டும். கடைக்காரர் பழக்கதோஷத்தில் மத்திய வரி, தமிழ்நாட்டு மாநில வரி என்று பிரித்துப் போட்டுவிட்டால் சிக்கல். கட்டிய வரியைப் புதுச்சேரியில் வரவாக எடுக்க முடியாது. கையை விட்டுப் போன பணம் அது.

மென்பொருள் இந்தப் பில்லைப் பிசகில்லாமல் படித்துவிடும். நல்ல மென்பொருளாக இருந்தால் ‘இதில் தவறு இருக்கிறது’ என்று சிவப்பிலும் காட்டும். அதற்குப் பிறகு நடக்க வேண்டியது வேறு. மேசையில் இருக்கும் பெண் போனை எடுத்து, “அண்ணே, போன மாசம் கொடுத்த பில்லு தப்பா இருக்கு. ஐ.ஜி.எஸ்.டி.யா மாத்திக் கொடுங்க, இல்லன்னா எங்க பார்ட்டி அடுத்த தடவை உங்ககிட்ட வர மாட்டாரு” என்று சொல்ல வேண்டும். கடைக்காரர் முனகுவார். அவரிடம் இன்னொரு முறையும் பேச வேண்டியிருக்கும். பணத்தைக் காப்பாற்றியது அந்தப் பேச்சுதான்.

பொருளாதார அறிஞர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவருவது இதைத்தான். டேவிட் ஆட்டர், ஃபிராங்க் லெவி, ரிச்சர்ட் மர்னேன் மூவரும் 2003-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை, வேலையைப் பார்க்காதே, அதற்குள் இருக்கும் பணிகளைப் பார் என்று வழிகாட்டியது. ‘கணக்காளர்’ என்பது ஒரே வேலையாகத் தெரிந்தாலும் உள்ளே பல பணிகள் இருக்கின்றன: பில்லை அடுக்குவது, என்ட்ரி போடுவது, அரசுத் தளத்தில் ஏறிய கணக்கோடு ஒப்பிடுவது, ஒத்துவராததை விசாரிப்பது, நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவது, ‘இந்த விற்பனையைக் காட்ட வேண்டாமே’ என்று கெஞ்சும் முதலாளிக்குப் புத்தி சொல்வது. இயந்திரம் முதலில் எடுத்துக்கொள்வது முன்னால் உள்ள இரண்டு மூன்றை. மீதிப் பணிகளின் மதிப்பு குறையாது. பல சமயம் கூடவே செய்யும்.

நான்கு பங்காளிகள்

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர வேலையில் ஐந்து மணி நேரம் என்ட்ரிக்கே போகிறது. மென்பொருள் வந்து அது ஒரு மணி நேரமாகிறது. மிச்சம் நான்கு மணி. அந்த நான்கு மணி நேரம் யாருக்குப் போகும்?

பங்கு கேட்க நான்கு பேர் நிற்பார்கள். கணக்கு எழுதக் கொடுக்கும் கடைக்காரர் ஃபீஸைக் குறைக்கச் சொல்வார். அலுவலக முதலாளி அதே ஆட்களை வைத்துக்கொண்டு இன்னும் ஐம்பது பார்ட்டி பிடிப்பார், அல்லது ஓர் ஆளைக் குறைப்பார். ஊழியர் சம்பள உயர்வையோ சீக்கிரம் வீட்டுக்குப் போவதையோ எதிர்பார்ப்பார். மென்பொருள் நிறுவனம் மாதச் சந்தாவாகத் தன் பங்கை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்பதைத் தொழில்நுட்பம் தீர்மானிக்கும். அது யாருக்குப் போகும் என்பதைச் சந்தையும் பேரமும் சட்டமும் தீர்மானிக்கும். இதுவரை நடந்த ஆய்வுகளை இந்தக் கண்ணோடு படித்தால் முரணாகத் தோன்றும் முடிவுகள் கூட ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன.

முதலில் நல்ல செய்தி. எரிக் பிரின்யால்ஃப்சன், டேனியல் லீ, லிண்ட்சே ரேமண்ட் ஆகியோர் வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றில் 5,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட முடிவு இது: ஏ.ஐ. உதவியோடு ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைக்கும் புகார்கள் சராசரியாக 14 சதவீதம் கூடின. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 34 சதவீதம் கூடின. கைதேர்ந்த பழைய ஆட்களுக்கு ஏறக்குறைய எந்த மாற்றமும் இல்லை. காரணம் எளிது. அந்த ஏ.ஐ. கற்றதே கைதேர்ந்தவர்களின் பழைய உரையாடல்களிலிருந்துதான். அவர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்த சாமர்த்தியத்தை எடுத்துப் புதியவர்களின் கையில் கொடுத்தது. நிறுவனத்துக்கு லாபம், புதியவருக்கும் லாபம். அந்தச் சாமர்த்தியத்துக்குச் சொந்தக்காரருக்கு என்ன கிடைத்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

டென்மார்க்கில் ஆண்டர்ஸ் ஹம்லமும் எமிலி வெஸ்டர்கார்டும் 25,000 ஊழியர்களை வைத்துச் செய்து 2025-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. ஏ.ஐ. பயன்படுத்தியவர்களுக்கு மிச்சமான நேரம் சராசரியாக 3 சதவீதம் அளவில்தான். அந்த ஆதாயத்திலும் சம்பளமாகக் கைக்கு வந்தது 3 முதல் 7 சதவீதம் மட்டும். வேலைநீக்கமும் இல்லை, சொல்லும்படியான சம்பள உயர்வும் இல்லை.

ஒரே ஆலோசனை, இருவேறு கல்லா

பெரிய நிறுவனம் சரி, உறுவையாற்றுச் சின்னக் கடைக்கு என்ன? இதற்கு நெருங்கிய சான்று கென்யாவிலிருந்து வருகிறது. அங்கே 640 சிறுதொழில் செய்வோரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு வாட்ஸ்அப் வழியாக ஏ.ஐ. ஆலோசகரைக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பார்த்தால் பலன் பூஜ்யம். பிரித்துப் பார்த்தபோதுதான் கதை தெரிந்தது. முன்பே நன்றாகத் தொழில் நடத்தியவர்களின் நிலை 15 சதவீதம் போல உயர்ந்தது. முன்பே தடுமாறியவர்களின் நிலை 8 சதவீதம் போலச் சரிந்தது.

ஏ.ஐ. இருவருக்கும் கொடுத்த ஆலோசனை ஏறக்குறைய ஒன்றுதான். விலையைக் குறை, விளம்பரம் செய் என்ற பொதுப் புத்திமதிகள் அதில் நிறைய இருந்தன. அதில் தன் கடைக்கு எது பொருந்தும், எது நஷ்டத்தில் தள்ளும் என்று பிரித்தறியத் தெரிந்தவர் பிழைத்தார். சொன்னதையெல்லாம் அப்படியே செய்தவர் கையைச் சுட்டுக்கொண்டார். சேவை மையத்தில் ஏற்றத்தாழ்வைக் குறைத்த அதே கருவி, கடைத்தெருவில் அதைக் கூட்டியது. சேவை மையத்தில் சரியான பதில் எது என்பது முன்பே தெரியும். வியாபாரத்தில் அது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

தனக்குப் பலன் இருக்கிறதா என்று தானே மதிப்பிடுவதிலும் ஏமாற்றம் உண்டு. மெட்டர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2025-இல் அனுபவமுள்ள 16 மென்பொருளாளர்களுக்கு 246 பணிகளைக் கொடுத்து அளந்தது. ஏ.ஐ.யோடு வேலை செய்தபோது அவர்களுக்கு 19 சதவீதம் அதிக நேரம் பிடித்தது. வேலை முடிந்தபின் கேட்டால், 20 சதவீதம் வேகமாக முடித்ததாகச் சொன்னார்கள்! கடிகாரத்தை வைத்து அளக்காமல் ‘நல்லா இருக்கு சார்’ என்று சந்தா கட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மின்மோட்டார் சொன்ன பாடம்

இவ்வளவு திறமையான கருவி என்றால் நாட்டின் உற்பத்திக் கணக்கில் ஏன் பெரிதாகத் தெரியவில்லை? இந்தக் கேள்வியும் பழையதே. எடிசன் நியூயார்க்கில் மின்நிலையம் தொடங்கியது 1882-இல். 1899-இல் அமெரிக்க ஆலைகளின் இயக்கத்தில் மின்மோட்டாரின் பங்கு 5 சதவீதத்துக்கும் குறைவு. உற்பத்தி மளமளவென்று ஏறியது 1920-களில்தான். பொருளாதார வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1990-இல் இதற்குக் காரணம் காட்டினார். நீராவி எஞ்சின் காலத்தில் ஒரே பெரிய தண்டு சுழலும். அதிலிருந்து வார் கட்டி எல்லா இயந்திரங்களும் ஓடும். ஆலைகள் எஞ்சினை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் மோட்டாரை வைத்தன. பெரிய பலன் இல்லை. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, கட்டடத்தையே மாற்றிக் கட்டி, வேலையின் வரிசையை மாற்றிய பிறகுதான் பலன் வந்தது.

ஏ.ஐ.யிலும் இதுவே நடக்கிறது. பழைய மேசையில் புதிய மென்பொருளை வைத்தால் கொஞ்சம் நேரம் மிச்சம். மஞ்சள் பைக்குப் பதில் கடைக்காரர் அன்றன்றைய பில்லை அன்றன்றே படமெடுத்து அனுப்பினால், தவறு அதே வாரத்தில் தெரியும். கடலூர்க் கடைக்காரரிடம் பேச நேரம் இருக்கும். மாதத் தொடக்கத்து நெருக்கடியே இல்லாமல் போகும். 2024-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான டாரன் அசெமொக்லு, ஏ.ஐ.யால் அமெரிக்காவின் உற்பத்தித்திறன் பத்தாண்டில் 0.66 சதவீதத்துக்கு மேல் உயராது என்று கணக்கிட்டதற்கும் அடிப்படை உண்டு. பழைய வேலையை இயந்திரத்திடம் தள்ளுவதிலேயே நிறுவனங்கள் குறியாக இருந்து, தொழிலாளி முன்பு செய்ய முடியாத புதிய பணிகளை உருவாக்காவிட்டால் ஆதாயம் சிறிதாகவே நிற்கும் என்பது அவருடைய வாதம்.

முதல் படி

வேலை போய்விடுமா? எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. நாற்று நடுவது, தென்னை ஏறுவது, செங்கல் அடுக்குவது இவற்றை உரையாடும் ஏ.ஐ. தொடாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023-இல் கணித்தபடி, முழுதும் இயந்திரமயமாகக்கூடிய வேலைகள் பணக்கார நாடுகளில் 5.5 சதவீதம், ஏழை நாடுகளில் 0.4 சதவீதம். அதிகம் அடிபடக்கூடியது எழுத்தர் வேலை. அதில் பெண்களே அதிகம் என்பதால் அடியும் அவர்களுக்கே அதிகம்.

வேலை கூடவும் வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் ஏ.டி.எம். பரவியபோது 1988-க்கும் 2004-க்கும் இடையில் ஒரு வங்கிக் கிளைக்கு 20 காசாளர் என்பது 13 ஆனது. கிளை நடத்தும் செலவு குறைந்ததால் நகரக் கிளைகள் 40 சதவீதத்துக்கு மேல் பெருகின. காசாளர் மொத்த எண்ணிக்கை சரியவில்லை. நம் பகுதியிலும் அதற்கு இடமிருக்கிறது. புதுச்சேரியில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினாலே ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், பக்கத்துத் தமிழ்நாட்டில் சரக்கு விற்பவருக்கு அது 40 லட்சம். ஆகவே இங்கே மிகச் சிறிய கடைக்கும் கணக்காளர் தேவை. ஃபீஸ் குறைந்தால் ஒழுங்காகக் கணக்கு வைக்கும் கடைகள் கூடும்.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. என்ட்ரி போடும் வேலைதான் புதிதாக வரும் பிள்ளை தொழில் கற்கும் இடம். ஆயிரம் பில் பார்த்தவளுக்குத்தான் ஆயிரத்தோராவது பில்லில் ஏதோ இடிக்கிறது என்று படும். அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டால் நாளைய தேர்ந்த கணக்காளர் எங்கே உருவாவார்? ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2025 ஆகஸ்டில் அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை அலசியபோது, ஏ.ஐ. அதிகம் தொடும் தொழில்களில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிட 13 சதவீதம் சரிந்திருந்தது. மூத்தவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. இந்தியாவில் டி.சி.எஸ். 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரை, அதாவது 2 சதவீத ஊழியர்களைக் குறைப்பதாக அறிவித்தது. அதில் பெரும்பாலோர் நடுத்தர, மூத்த நிலையினர், ஏ.ஐ. காரணமல்ல, திறன் பொருந்தாமையே காரணம் என்றது நிறுவனம். ஆக, எந்தப் படியில் அடி விழும் என்பது கருவியைவிட நிறுவனத்தின் முடிவைப் பொறுத்தது.

ஏ.ஐ.யே கிராமத்துக்கு வேலை கொண்டுவந்த கதையும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் சலோனி மல்கோத்ரா தொடங்கிய தேசிக்ரூ நிறுவனம் திருவாரூர் மாவட்டத்துக் கொல்லுமாங்குடியில் கணினி வேலை மையம் நடத்தியது. தொடக்கத்தில் தகவல் பதிவு; இன்று ஏ.ஐ.க்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை, அதாவது படத்தையும் பேச்சையும் வகைபிரித்துக் குறியிடுவதும் அதில் சேர்ந்துள்ளது. ஊரை விட்டுப் போக முடியாத பட்டதாரிப் பெண்களுக்கு இது வாசல். அவர்கள் சொல்லிக்கொடுத்த பாடமே நாளை அந்தக் குறியிடும் வேலையைக் குறைக்கலாம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

வில்லியனூர் முன்பே செய்தது

இந்தப் பங்கீட்டுக் கேள்விக்கு நம் ஊரே ஒரு முறை நல்ல விடை கண்டிருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. தொலைபேசியே அரிதாக இருந்த ஊர்களுக்கு வானொலி அலைவழியே தகவல் போனது. எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையம் இயங்கியது, பெண்கள் நடத்தினார்கள். மக்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று முதலில் கேட்டார்கள். நெல் விலை, உர விலை, மருத்துவர் வரும் நேரம், அரசுத் திட்டம் என்று பட்டியல் வந்தது. மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் அலை உயரம் என்ன என்பதுதான் கேள்வி. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த கணிப்பைத் தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பைக் கேட்டு, நல்லவாடு மையத்து ஒலிபெருக்கி ஊரையே கரையிலிருந்து வெளியேற்றியது.

அங்கே தகவல் எல்லோருக்கும் இலவசமாகப் போனது, ஆதாயமும் பரவியது. கேரளத்தில் 1997-க்குப் பிறகு கைப்பேசி வந்தபோது மத்தி பிடிப்பவர்களிடமும் அப்படித்தான் நடந்தது. ராபர்ட் ஜென்சன் 2007-இல் எழுதியபடி மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது, விற்காமல் கொட்டும் மீன் இல்லாமலானது. 2025-இல் மத்திய வேளாண் அமைச்சகம் ஏ.ஐ. மூலம் கணித்த பருவமழைத் தொடக்கத்தை 3.8 கோடி விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியதும் இந்த வரிசையில் வைக்க வேண்டியதே.

தமிழ் பேசுகிறவருக்கு இந்தக் கருவி எவ்வளவு செலவு வைக்கும் என்பதும் பங்கீட்டின் ஒரு பகுதி. ஏ.ஐ. எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் படிக்கும், துண்டுக்குத்தான் கட்டணம். ஓப்பன்ஏஐ 2024 மே மாதம் தன் புதிய மாதிரியை அறிமுகம் செய்தபோது காட்டிய எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்று, முன்பு ஆங்கிலத்தில் 27 துண்டு, தமிழில் 116 துண்டு. புதிய முறையில் ஆங்கிலம் 24, தமிழ் 35. ஒரே மாற்றத்தில் தமிழுக்கான செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. யாரோ உட்கார்ந்து எடுத்த முடிவு அது.

ஆதாயத்தில் பங்கு தானாக வராது, கேட்டுத்தான் பெற வேண்டும் என்பது புதுச்சேரிக்குப் புதிய பாடமல்ல. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் நடுநாயகமான கோரிக்கைகளில் ஒன்று வேலை நேரம். 1937-இல் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. தறி வேகமாக ஓடியதால் யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகவில்லை; கேட்டதால் போனார்கள்.

ஆகவே வில்லியனூர், பாகூர் பக்கத்துச் சிறுமுதலாளிகளுக்குச் சொல்வது இது: சந்தா கட்டும் முன் ஒரு மாதம் கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். மிச்சமாகும் நேரத்தில் புதிதாக வந்த பிள்ளைக்கு நோட்டீஸுக்குப் பதில் எழுதவும் பார்ட்டியிடம் பேசவும் கற்றுக்கொடுங்கள். என்ட்ரி மேசையில் இருப்பவர்களுக்கு: கருவி சொன்னதைச் சரிபார்க்கும் அளவுக்குச் சட்டத்தைப் படியுங்கள், உங்கள் சம்பளம் இனி அதில்தான் இருக்கிறது. கொம்யூன் நிர்வாகத்துக்கும் அரசுக்கும்: வில்லியனூர்த் தகவல் மையம் போலத் தமிழில் கேட்டுத் தெளிய ஓர் இடமும், விஷயம் தெரிந்த ஓர் ஆளும் ஊருக்கு ஊர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மிச்சமாகும் நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்பதை மென்பொருள் வாங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். வாங்கிய பிறகு அந்தப் பேச்சை எடுப்பது கடினம்.